செய்முறை எண் 4

நோக்கம்: கொள்ளளவு மாறாமை குறித்த
குழந்தையின் புரிதலை அறிதல்.
தேவையான பொருள்கள்:
ஒரே அச்சில் கண்ணாடித் தம்ளர் இரண்டு,
ஒடுங்கி உயர்ந்த தம்ளர் ஒன்று,
வண்ணார்பேட்டையில் பேரம் பேசி
நூற்றுப்பத்துக்கு வாங்கியது.
தண்ணீர்.
குழந்தை, ஒன்று.

முன்னீர்பள்ளத்தில் குழந்தைக்குப் பஞ்சமில்லை.
இரண்டாம் வகுப்பு டீச்சர்
வரிசையிலிருந்து ஒருத்தனைத் தள்ளிவிட்டார்.
மாசானமுத்து. ஏழு முடியவில்லை.
முன்பல் இரண்டு போய்
சட்டைப் பொத்தான் ஒன்று போய்
கையில் பாதி கடித்த கொய்யாக்காயோடு.

ரெண்டுலயும் ஒண்ணுபோல இருக்கா?
இருக்கு டீச்சர்.
ஒன்றை எடுத்து உயர்ந்த தம்ளரில் ஊற்றினேன்.
மட்டம் ஏறி நின்றது.
இப்போ?

கொய்யாவை டவுசர் பைக்குள் திணித்துவிட்டு
மேசை விளிம்பில் நாடியை வைத்து
வெகுநேரம் பார்த்தான்.
ஒசந்ததுல கொறச்சல் டீச்சர்.

புத்தகத்தில் இரண்டு பதில்தான் உண்டு.
உயர்ந்ததில் கூடுதல் என்றால்
பிள்ளை மனச்செயலுக்கு முற்பட்ட பருவத்தில் நிற்கிறது.
சமம் என்றால் அடுத்த படி ஏறிவிட்டது.
குறைச்சல் என்று சொல்ல
எந்த நாட்டுப் பிள்ளைக்கும் கட்டம் போடவில்லை.

எப்பிடில கொறையும்?

காலித் தம்ளரை எடுத்துக் கவிழ்த்தான்.
மேசையில் மூன்று சொட்டு.
அடியில் ஒரு தட்டு தட்டினான்,
யோசித்துவிட்டு விழுந்தது நாலாவது.
இதெல்லாம் அங்க போவலல்லா.

எங்கம்ம பால் கறந்து
வாளியிலேருந்து கேனுக்கு ஊத்துவா,
கேன்லேருந்து சொசைட்டிப் படிக்கு.
மாத்துத நேரமெல்லாம் கொஞ்சம் ஒட்டிக்கிடும்.
ஒட்டுனதுக்குத் துட்டு தரமாட்டாவ.

என் பேனா மூடி திறந்தபடி இருந்தது.

அதே நாள் மதியம், செய்முறை எண் 5.
எட்டாம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்.
கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர்
எனப் பிரித்து வட்ட வரைபடம் வரைய வேண்டும்.
கேள்வி ஆறு: புதிய இடத்துக்கு வழி தெரிய
வரைபடம் பார்ப்பாயா, யாரையாவது கேட்பாயா, நடந்து பார்ப்பாயா?
சுடலைவடிவு எதிலும் டிக் போடவில்லை.
ஓரத்தில் பென்சிலால், அழித்து அழித்து:
எங்க வீட்ல புது எடத்துக்கு விடமாட்டாங்க.
வட்டத்தில் அவளை எந்தத் துண்டில் வைக்க?
நாற்பது பேருக்கு வரைந்தேன்.
வட்டம் வட்டமாகத்தான் வந்தது.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்த கை, நோட்டைப் பிடித்த கை,
வாய்க்குள்ளேயே பருவங்களை ஒப்பித்தபடி நான்.
இது கண்ணா காதா கையா தெரியவில்லை.
முப்பத்தாறு வயது, ரெண்டு பிள்ளை,
மூத்தவள் பத்தாம் வகுப்பு, என்னைவிட நன்றாகப் படிக்கிறாள்.
மனித வாழ்வுக்கு எட்டுப் பருவம் என்கிறார்கள்.
ஆறு முடிந்ததா, ஏழு தொடங்கிற்றா?
ஏழாவதற்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது:
ஆக்கம் அல்லது தேக்கம்.
பஸ் தேங்கித்தான் நின்றது, ரயில்வே கேட்டில்.
பைக்குள் பேப்பர் சுற்றிய தம்ளர்கள்
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன.

மேற்பார்வைக்கு வந்த சார் நல்லவர்.
வாசித்தார், சிரித்தார், நிஜமாகவே சிரித்தார்.
பய வெவரமானவன்தான் ஜெபக்கனி.
ஆனா வெளித்தேர்வாளர் கேட்டா என்ன சொல்லுவீய?
வேற ஒரு பிள்ளைய வச்சு செஞ்ச மாதிரி
சமம்னு எழுதிருங்க.

எழுதினேன்.
பெயர்: ம. அரிகரன். வயது: 7.
அப்படி ஒரு பிள்ளை அந்தப் பள்ளியிலேயே இல்லை.
விடை: சமம். பருவம்: பருப்பொருள் செயல்பாடு.
அடிக்கோடு ஸ்கேல் வைத்து, பச்சை மையில்.

பத்துக்கு ஒன்பது வந்தது.
அந்த ஒன்று எங்கே போனது என்று
நான் போய்க் கேட்கவில்லை.
எங்கேயாவது ஒட்டியிருக்கும்.